முட்டி வலிக்குதுங்க மிஸ்

பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வருகிற நாளில் பிள்ளைகளை வரிசை கட்டி நிறுத்துவது எப்போதும் என் வேலை. உயரம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், சுவரில் மாட்டிய பலகையில் எழுத்துப் படிக்கச் சொல்வார்கள். கீழ் இமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சொத்தைப் பல்லை எண்ணுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒரு பிள்ளையைக்கூட, செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்தடி நடந்து காட்டு சாமி என்று அந்தக் குழுவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

குமாரபாளையம் வட்டாரத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பி.டி. மிஸ்ஸிடம் பிள்ளைகள் கொண்டுவருகிற புகார்களில் வயிற்று வலிக்கு முதலிடம். அடுத்தது முட்டி வலி. வயிற்று வலியில் பாதி, காலையில் சாப்பிடாமல் வந்ததால் வருவது. மீதியில் பாதி, ஓடச் சொன்னதால் வருவது. முட்டி வலி அப்படியில்லை. அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தானே போய்விடும். சில மட்டும் ஒரு மாதம் தாமதித்தால் பிள்ளையின் காலையோ உயிரையோ கேட்கும்.

எங்கள் ஊரில் இந்தப் புகாருக்கு இரண்டே பதில்தான். வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்று ஆத்தாமார்கள் சொல்வது ஒன்று. சுளுக்கா இருக்கும், கட்டுப் போட்டுட்டு வா என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு பதில் வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய முதல் ஆள் டாக்டர்கூட இல்லை, பிள்ளையை மைதானத்தில் பார்க்கிற உடற்கல்வி ஆசிரியர்தான் என்பது என் கட்சி.

முதலில் ஆத்தாமார்களின் பதிலுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். வளர்ற வலி என்று ஒன்று நிஜமாகவே உண்டு. 1823-லேயே ஒரு பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், பகலெல்லாம் குதித்துவிட்டு வருகிற பிள்ளை, இரவில் கால் குடையுது என்று அழும். இரண்டு காலும் வலிக்கும். தொடையில், ஆடுசதையில், முட்டிக்குப் பின்னால் என்று இடம் மாறும். அமுக்கிவிட்டால் தூங்கிப்போகும். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து ஓடும். வீக்கம் இருக்காது, காய்ச்சல் இருக்காது, நடையில் நொண்டல் இருக்காது. பிள்ளை வேகமாக வளர்கிற வருடங்களோடு இந்த வலிக்கு நேரடித் தொடர்பும் இல்லை. பகல் ஓட்டத்தின் களைப்பு என்று கருதுகிறவர்கள் உண்டு. இதற்குத் தேங்காயெண்ணெயைச் சூடு காட்டித் தேய்ப்பதும், வெந்நீர் ஒத்தடமும், பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிவிடுவதும் போதும். மருத்துவப் புத்தகங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான்.

சிக்கல் என்னவென்றால், இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்காமலே அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறோம். ஒரே காலில், ஒரே இடத்தில், பகலிலும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது இந்தக் கணக்கில் வராது.

மைதானத்தில் நான் அதிகம் பார்த்தது வேறு வலி. கபடி, கோ-கோ, நீளம் தாண்டுதல் என்று தினமும் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில், பெண்களுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயதிலும், பையன்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதிலும் வருவது. முட்டிச் சில்லுக்கு மூன்று விரல் கீழே, எலும்பு புடைத்துக்கொண்டு ஒரு முடிச்சு. தொட்டால் துடிப்பார்கள். படியேறினால் வலி, குதித்தால் வலி, உட்கார்ந்து ஓய்வெடுத்தால் இல்லை. பாஸ்டனில் ராபர்ட் ஆஸ்குட், சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் 1903-ல் ஒருவருக்கொருவர் தெரியாமல் இதை விவரித்தார்கள். அதனால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர்.

காரணம் எளிது. தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே தடித்த நாணாகி, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் முன்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. நமக்கு அந்த இடம் கெட்டி எலும்பு. வளர்கிற பிள்ளைக்கு அது இன்னும் முற்றாத குருத்தெலும்பு. எலும்பு ஒரே வருடத்தில் கிடுகிடுவென்று நீள்கிறது, தசை அதே வேகத்தில் நீளாமல் இறுகுகிறது. இறுகிய தசை ஒவ்வொரு குதிப்புக்கும் அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கிறது. என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பாவை ரொம்ப முறுக்கிவிட்டா எங்கடா அறும் என்று கேட்பேன். நைஞ்ச இடத்துலதானுங்க மிஸ் என்பார்கள். அப்புறம் வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

சிகிச்சையும் எளிதுதான், பொறுமைதான் கஷ்டம். விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டாம். வலி பொறுக்கிற அளவுக்குக் குறைக்க வேண்டும். வாரம் முழுவதும் குதிக்கிறவளை இரண்டு, மூன்று நாள் குதிக்கவிட்டு, மற்ற நாளில் பந்தைப் பிடிக்கவும் எறியவும் விடலாம். விளையாடி முடித்ததும் ஐஸ் கட்டியை ஈரத் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். (ஊரே துண்டு நெய்கிறது, ஐஸ் கட்டிதான் சர்பத் கடையில் கெஞ்சி வாங்க வேண்டும்.) சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, குதிகாலைப் பின்பக்கம் பிடித்து இழுத்து, முப்பது எண்ணும்வரை வைத்திருக்கிற நீட்டல் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். பின்தொடைக்கும் அதேபோல. வலி தாங்காத நாளுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற மாத்திரை. முடிச்சில் ஸ்டீராய்டு ஊசி போடுவது தேவையில்லாத வேலை, குருத்துக்கும் நாணுக்கும் கெடுதல். சில மாதத்தில் அடங்கும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் இழுக்கும், எலும்பு முற்றியதும் போய்விடும். முடிச்சு மட்டும் வயதான பிறகும் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை.

இதில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வினை. முட்டி வலி என்று வீட்டில் வாய் திறந்தால் போதும், பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கபடி என்று அன்றோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பயந்தே பிள்ளைகள் வலியை மறைத்துக்கொண்டு ஆடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் வாங்கின அக்காமார்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள். அவர்களுக்கு அந்த ஆட்டம் பொழுதுபோக்கு அல்ல. வலியைச் சொன்னால் ஆட்டம் போகும் என்ற நிலைமை இருக்கிறவரை எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முட்டி போட வைக்கிற தண்டனை. வீட்டுப்பாடம் எழுதாதவன், தாமதமாக வந்தவள் எல்லோரும் வெளித் தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில் முட்டி போட வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளின் உடலை நோகடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது; சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. குச்சி ஓரளவு மறைந்தது. முட்டி போடுவதும் தோப்புக்கரணமும் தவளை ஓட்டமும் மறையவில்லை. அவற்றை யாரும் அடி என்று நினைப்பதே இல்லை. நான் சொன்ன அந்த முடிச்சு இருக்கிற பிள்ளையின் முழு எடையும் முட்டி போடும்போது நேராக அந்த முடிச்சின்மேல்தான் உட்காருகிறது. வகுப்பிலேயே அதிகம் ஓடி விளையாடுகிற பிள்ளைக்குத்தான் அந்த முடிச்சு இருக்கும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். முட்டி வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளைக்கு முட்டியில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். நோய் இடுப்பில் இருக்கும்.

மண்டல விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு முதலுதவிக்காக வந்திருந்த எலும்பு டாக்டர் ஒருவரிடம் இதைக் கற்றுக்கொண்டேன். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன, அதனால் இடுப்பில் பிறக்கிற வலியை மூளை முட்டி வலி என்று படித்துக்கொள்கிறது என்றார். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு, தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நொறுங்குகிற நோய் வரலாம். பெர்தஸ் என்பார்கள், பையன்களுக்கு அதிகம். பத்து வயதுக்கு மேல், பூப்பெய்துகிற, மீசை அரும்புகிற பருவத்தில், கொஞ்சம் எடை கூடின பிள்ளைகளுக்கு, அந்த உருண்டைத் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து வழுக்கிக் கீழிறங்குகிற நோய் வரலாம். இரண்டிலும் பிள்ளை முட்டியைத்தான் தொட்டுக் காட்டும்.

சில வருடம் கழித்து அந்தப் பாடம் உதவியது. எட்டாம் வகுப்புப் பையன், பெருத்த உடம்பு, மாதக்கணக்காக வலது முட்டி வலி. ஒரு மருத்துவமனையில் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். மருந்துக் கடையில் வாங்கின உறையை முட்டியில் மாட்டிக்கொண்டு வந்தான். காலை வழிபாட்டு வரிசையில் எல்லோர் பாதமும் முன்னால் பார்த்திருக்க, இவனுடைய வலது பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பாயில் படுக்க வைத்து, முட்டியைப் பிடித்து நெஞ்சை நோக்கி மெதுவாக மடக்கினேன். கால் நேராக வராமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. டாக்டர் சொன்ன அடையாளம் அதுதான். அம்மாவை வரச் சொன்னேன்.

“ஏனுங்க மிஸ், முட்டிதானுங்க வலிக்குதுங்கறான். இடுப்பை எதுக்குங்க போட்டோ எடுக்கறது?”

“எடுத்துத்தான் பாருங்க அம்மிணி. நடக்க விடாதீங்க, வண்டியில கூட்டிட்டுப் போங்க.”

சேலத்துக்குப் போனார்கள். இடுப்பைப் படமெடுத்த அன்றைக்கே படுக்கையில் சேர்த்து, வழுக்கின தலை மேலும் நகராமல் ஒரு திருகாணி போட்டு நிறுத்தினார்கள். இந்த நோயில் வழுக்கல் சின்னதாக இருக்கும்போது பிடித்தால் பிள்ளை பிழைத்தது. பெரிதாகிவிட்டால் கால் குட்டையாகலாம், முப்பது, நாற்பது வயதிலேயே இடுப்பு மூட்டு தேய்ந்து மாற்று மூட்டுக்குக் காத்திருக்க நேரலாம். அந்தப் பையன் இன்று மொபெட்டில் நூல் கோன் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறான். நடையில் குறை தெரியாது.

இதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. ஒரே பிள்ளையைத் தினமும் நாற்பது பிள்ளைகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறவளுக்கு, எது கோணல் என்று தன்னால் தெரியும். ஐந்து நிமிடம் பார்க்கிற டாக்டர் கட்டிலில் படுத்திருக்கிற முட்டியைப் பார்க்கிறார். நாங்கள் ஓடுகிற முட்டியைப் பார்க்கிறோம்.

அவசரமான வலிகள் சில உண்டு. பெற்றோர் இதை ஒருமுறை நிதானமாகப் படித்து வைத்துக்கொண்டால் நல்லது. முட்டி வீங்கி, தொட்டால் சூடாக, காய்ச்சலோடு, காலை மடக்கவே விடாமல் பிள்ளை கதறினால், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம்; அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு என்றால் மூட்டின் குருத்து அழிந்துவிடும். தொண்டை வலி வந்து போன இரண்டு, மூன்று வாரத்தில், இன்றைக்கு முட்டி, நாளைக்குக் கணுக்கால், அடுத்து முழங்கை என்று வலி தாவித் தாவிப் போனால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். ஐந்து முதல் பதினைந்து வயதுவரை வருவது. மூட்டு வலி தடம் தெரியாமல் போய்விடும், ஆனால் இதய வால்வு கெட்டிருக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் தவறாமல் போட்டால் இதயத்தைக் காப்பாற்றலாம். தூங்கி எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் முட்டி பிடித்துக்கொண்டு, வெயில் ஏற ஏறச் சரியாகிறது என்றால் அது குழந்தை முடக்குவாதமாக இருக்கலாம். முடக்குவாதம் கிழவிகளுக்குத்தான் வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வலியோ சிவப்போ இல்லாமல் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையைக் கெடுக்கலாம் என்பதால், கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும். பிள்ளை வெளுத்துப்போய், அடிக்கடி காய்ச்சலோடு, எலும்பு வலி என்று சோர்ந்து படுத்தால், ஒரு ரத்தப் பரிசோதனைக்குத் தயங்கக் கூடாது. ரத்தப் புற்று சில பிள்ளைகளிடம் கால் வலியாகத்தான் முதலில் பேசுகிறது.

எலும்புப் புற்று என்ற சொல்லை எங்கள் ஊரில் சொன்னாலே வாயை மூடு என்பார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். வளரிளம் பருவத்தில் அது அதிகம் தங்குகிற இடமே முட்டியைச் சுற்றித்தான்: தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. அரிதான நோய்தான். ஒரே காலில், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வாரத்துக்கு வாரம் கூடுகிற வலி, முட்டிக்குச் சற்று மேலேயோ கீழேயோ கெட்டியாக ஒரு வீக்கம். பிள்ளை ஏதோ ஒரு நாள் விழுந்திருக்கும்; விழாத பிள்ளை உண்டா? எல்லோரும் அந்த விழுதலையே காரணமாகப் பிடித்துக்கொள்வார்கள், மாதங்கள் போகும். அறுவை மட்டும் இருந்த காலத்தில் ஐந்தில் ஒரு பிள்ளை பிழைப்பதே அரிது. 1970-களில் கீமோதெரபி சேர்ந்த பிறகு, பரவாமல் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கிறார்கள், பலருக்குக் காலும் மிஞ்சுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடக்கம். அங்கே எந்த மாதத்தில் போய்ச் சேருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டு வைத்தியத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தில் எலும்பைப் பற்றிப் பேச முடியாது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுகிற நாட்டு வைத்தியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் போட்ட பலகைகளைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். அங்கே போகிறவர்களை நான் மட்டமாகப் பேச மாட்டேன். தறி ஓட்டுகிற அப்பா அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. கட்டு வைத்தியர் சாயங்காலமும் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார், மரியாதையாகவும் பேசுவார். ஆனால் காரணம் தெரியாத வீக்கத்தை உருவி விடுவதும், இறுக்கிக் கட்டுவதும் பிள்ளையின் எலும்பில் விளையாட்டல்ல. கட்டியாக இருந்தால் உருவுவது கேடு. சீழாக இருந்தால் கட்டு, நேரத்தைத் தின்னும். படம் எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டுக் கை வைக்கிற வைத்தியர்களும் எனக்குத் தெரியும். எல்லோரும் அப்படிக் கேட்டால் எனக்குச் சண்டையே இல்லை.

நாமக்கல் மாவட்டத்துக்கு ஊரறிந்த பெருமை இரண்டு: முட்டை, மார்க். இரண்டுக்கும் பிள்ளைகளின் காலோடு சம்பந்தம் உண்டு. விடுதியோடு நடக்கிற தனியார் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று ஊர் கேலி பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். விடியுமுன் ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, நடுவில் வகுப்பு. வெயில் என்பது விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவிலுள்ள நடைபாதை மட்டும். வெயில் படாத தோல் வைட்டமின் டி செய்யாது, அது இல்லாமல் எலும்பு சுண்ணாம்பைப் பிடித்து வைக்காது. கால் வலியும் தசைச் சோர்வும் வரும், ரொம்பக் குறைந்தால் எலும்பு வளையும். 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கும், பத்து முதல் பத்தொன்பது வயதில் 24 சதவீதம் பேருக்கும் வைட்டமின் டி குறைவு. வயது ஏற ஏறக் குறைவு கூடுகிறது. புத்தகப் பையின் எடையும் அப்படித்தானே ஏறுகிறது.

முட்டை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நாமக்கல்காரர்கள் நினைக்கலாம். சத்துணவில் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை தருகிற மாநிலம் இது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புரதத்துக்கு அதை விஞ்ச ஒன்றில்லை. ஆனால் ஒரு முட்டையில் சுமார் 40 அலகு வைட்டமின் டி. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600. மிச்சம் வானத்திலிருந்து வர வேண்டும். அதுவும் முற்பகல் பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணிக்குள் வருகிற வெயில். எங்கள் கால அட்டவணையில் பி.டி. பீரியடு எப்போதும் கடைசிப் பீரியடு. பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கறுத்துவிடுவாள் என்ற பயம் வேறு. வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி பொடியைத் தாங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. 60,000 அலகு அடங்கிய அந்தப் பொடியை டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இருபது நிமிட வெயிலுக்கு அந்த ஆபத்து இல்லை.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் ஊர் காவிரிக் கரையில் இருப்பதால் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்கிறோம். கிழக்கே போகப் போக மேட்டுக்காடும் ஆழ்குழாய்க் கிணறும்தான். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் முதலில் பல்லில் பழுப்புக் கறை, ரொம்ப வருடம் போனால் எலும்பு இறுகி மூட்டு வலி. சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம் இந்த எலும்பு நோயை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937-ல் எழுதினார்கள். அதே பகுதியில் இளவயதினருக்கு முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கிற கால் கோணல் வருவதை 1970-களில் கண்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவே காரணம். எனவே ஒரு கிராமத்துப் பள்ளியில் பல பிள்ளைகளுக்குப் பல் கறையும் முட்டி வலியும் சேர்ந்திருந்தால், பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் கிணற்றைச் சோதியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? புதுத் திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற பெயரில் 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் குழுதான் நான் முதலில் சொன்ன குழு. அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் பிறவிக் கோணல் பாதம் இருக்கிறது, பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருப்பது இருக்கிறது, வைட்டமின் டி குறைவு இருக்கிறது, ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது. வளர்கிற பிள்ளையின் முட்டி வலிக்கும் நொண்டல் நடைக்கும் தனி வரி இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்கிறேன்.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பே உடற்கல்வி ஆசிரியர் முதல் சல்லடையைச் சலித்து வைக்கலாம். இங்கிலாந்தில் நியூகாசில் குழந்தை மூட்டு மருத்துவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக உருவாக்கின பரிசோதனை ஒன்று இருக்கிறது. பி-கால்ஸ் என்பது பெயர், ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். மூட்டிலோ முதுகிலோ வலி, பிடிப்பு உண்டா? உடுப்பைத் தானே போட்டுக்கொள்ள முடிகிறதா? படி ஏறி இறங்கச் சிரமமா? இந்த மூன்று கேள்விக்குப் பிறகு நடக்கச் சொல்வார்கள், நுனிக்காலில், குதிகாலில் நடக்கச் சொல்வார்கள், கையையும் காலையும் மடக்கி நீட்டச் சொல்வார்கள். மைதானத்தில் நாங்கள் தினமும் செய்ய வைப்பதுதான் எல்லாம். ஒரு பீரியடில் ஒரு வகுப்பை முடித்துவிடலாம்.

பீரியடு இருந்தால். கணக்கு வாத்தியாரும் சயின்ஸ் டீச்சரும் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் 2023-ல் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்தாம் வகுப்புக்கு டிசம்பர் மாதம் பி.டி. பீரியடு எத்தனை மிச்சமிருக்கிறது என்று எந்த ஊரிலும் போய்ப் பாருங்கள். ஆசிரியரும் இருக்க வேண்டும். 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் எல்லாம் அதற்குள். வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறவரிடம் எந்தப் பிள்ளை நொண்டுகிறது என்று கேட்பது நியாயமில்லை.

கடைசியாக ஒரு ஊர்க் கணக்கு. சிறார் நலத் திட்டத்தில் கண்டுபிடிக்கிற பிள்ளையை மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது முறை. எங்கள் மாவட்டத் தலைநகர் நாமக்கல். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. ஆனால் குமாரபாளையத்தில் உடம்பு சரியில்லை என்று பஸ் ஏறுகிறவர்கள் பாலத்தைத் தாண்டி பவானி வழியாக ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ போவார்கள், இல்லாவிட்டால் சேலத்துக்கு. காவிரி மாவட்ட எல்லையாக இருப்பது அரசாங்கத்துக்குத்தான், பஸ்ஸுக்கு இல்லை. முட்டி வலியோடு ஒரு பிள்ளையை நாமக்கல்லுக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், பாதிச் சீட்டு சட்டைப் பையிலேயே வெளுத்துப்போகும். பக்கத்து மாவட்ட எலும்புப் பிரிவிலும் அந்தச் சீட்டு செல்லும், எக்ஸ்ரே முட்டிக்கும் இடுப்புக்கும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று இரண்டு வரி அச்சடித்துத் தந்தால், வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.